பிளேட் சேஸியில் வீலான்: 30ஐச் சேர்த்ததும் 20 ஏன் நின்றது?

நீங்கள் கேட்டிருப்பது பிளேட் சுவிட்சில் வீலான் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி நெட்வேர்க்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்) போட எந்தக் கொமாண்ட் என்று. ஆனால் எழுதியதை முழுதாக வாசித்தால் கொமாண்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, போட்டபின் நடப்பதுதான் விளங்கவில்லை. நீங்கள் தந்த விபரம் இது: திருகோணமலை டவுன் ஒபிஸில் கொழும்பிலிருந்து வாங்கிய பாவித்த எச்பி சி7000 சேஸி, அதாவது பிளேட் என்ற மெல்லிய சேர்வர்களைச் செருகும் பெட்டி. அரை உயர பிளேட் எட்டு, எல்லாவற்றிலும் விஎம்களை (மென்பொருளால் ஆன சேர்வர்களை) ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ. பின்பக்கம் 1ஆம், 2ஆம் பேகளில் (செருகும் இடங்களில்) சிஸ்கோ 3020 சுவிட்ச் இரண்டு. இரண்டும் மேலே ஒபிஸின் நடு சுவிட்சான ஒரே கோர் சுவிட்சுக்குப் போகின்றன. வீலான் 10 நிர்வாகத்துக்கு, 20 ஒபிஸ் சேர்வர்களுக்கு, 30 கமரா பதிவுக்கு. 30ஐப் போட்டதும் 20 நின்றது. 20ஐத் திரும்பப் போட்டால் 30 போய்விடுகிறது. சோதனைக்கு அப்லிங்க் கேபிளை (கோருக்குப் போகும் கேபிளை) கழற்றினால், பிளேட்டில் நெட்வேர்க் கார்ட் இரண்டு இருந்தும் விஎம்கள் மறுபக்கம் மாறவில்லை. கரண்ட் போய் வந்தபின் பாதி கொன்ஃபிக் காணவில்லை. உப்புவெளி ஸ்டோரிலிருந்து வயர்லெஸ் பிரிட்ஜ் வழியாக வரும் கமராக்கள் பிங்குக்குப் பதில் சொல்கின்றன, படம் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது.

முதல் மூன்றுக்கும் காரணத்தை நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம். கடைசியானது அப்படியல்ல, அதற்கு நீங்கள் ஒரு அளவு எடுத்துப் பார்க்க வேண்டும். கொமாண்ட்களை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

30 வந்ததும் 20 போனதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். பல வீலான்களை ஒரே போர்ட்டில் கொண்டு போவது ட்ரங்க், எவை போகலாம் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 30’ என்று அடித்தால் சிஸ்கோ சுவிட்ச் ஏற்கெனவே இருந்த பட்டியலோடு 30ஐச் சேர்க்காது. பழைய பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு 30ஐ மட்டும் வைக்கும். சேர்ப்பதற்கு ‘அலவ்ட் வீலான் ஆட் 30’ என்று நடுவில் ‘ஆட்’ இருக்க வேண்டும், எடுப்பதற்கு ‘ரிமூவ்’. இந்த ஒரு சொல்லை விட்டு ஒபிஸ் முழுவதையும் இருட்டாக்கியவர்கள் ஏராளம், நீங்கள் அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர், அவ்வளவுதான். தூரத்திலிருந்து வேலை செய்வதானால் ஒரு பாதுகாப்பு உண்டு. மாற்றத்தைத் தொடங்கும் முன் நடப்புக் கொன்ஃபிக்கைச் சேமித்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ என்று கொடுங்கள். மாற்றம் உங்களையே வெளியே தள்ளிவிட்டால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கொன்ஃபிக்கோடு எழும்பும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கென்சல்’ கொடுத்து, பிறகு சேமியுங்கள். கென்சல் பண்ண மறந்தால் பத்தாவது நிமிடம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியும் மாட்டிக்கொண்டால் சி7000இல் இன்னொரு வாசல் இருக்கிறது. சேஸியை நிர்வகிக்கும் ஒன்போர்ட் அட்மினிஸ்ட்ரேட்டருக்குத் தனி நெட்வேர்க் போர்ட் உண்டு. அதுவும் பிளேட்களின் ஐலோவும் (தூரத்திலிருந்து பிளேட்டை இயக்கும் பகுதி) அந்தப் போர்ட் வழியாகத்தான் வெளியே வரும், பின்பக்க சுவிட்ச்களைத் தொடாது. அந்தக் கேபிளை கோர் சுவிட்சில் வீலான் 10இன் சாதாரண அக்சஸ் போர்ட் (ஒரே வீலான் மட்டும் போகும் போர்ட்) ஒன்றில் போட்டு வையுங்கள். அதன் கொமாண்ட் லைனில் ‘கனெக்ட் இன்டர்கனெக்ட் 1’ என்று கொடுத்தால் 1ஆம் பேயிலுள்ள சுவிட்சின் சீரியல் கன்சோலுக்கே போய்விடலாம். சேர்வர் அறைக்கு ஓடத் தேவையில்லை.

இனி அடிப்படை. சாதாரண சேர்வரில் கேபிளைக் கையால் பிடித்து எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று பார்க்கலாம். பிளேட்டில் அந்தக் கேபிள் சேஸியின் நடுப்பலகைக்குள் அச்சிட்ட கம்பியாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பிளேட்டில் வீலான் பிழை தேட நேரம் பிடிக்கிறது. ஒரு விஎம்மிலிருந்து வெளியே வரும் ஃபிரேம் (நெட்வேர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) ஐந்து இடத்தில் அனுமதி கேட்க வேண்டும்: ஈஎஸ்எக்ஸ்ஐயின் போர்ட் குரூப் (விஎம்கள் இணையும் இடம்), பிளேட் சுவிட்சின் உள் போர்ட், அதே சுவிட்சின் அப்லிங்க், கோர் சுவிட்சில் அந்த அப்லிங்க் வந்து சேரும் போர்ட், கடைசியாக, வேறு வீலானுக்குப் போவதானால், கோர் சுவிட்சின் வீலான் இன்டர்ஃபேஸ். ஃபிரேம் கடக்கும் எல்லா இடத்திலும் 30 என்ற எண் இருக்க வேண்டும். நாலில் இருந்து ஒன்றில் இல்லாவிட்டாலும் பலன் பூச்சியம்தான். அதோடு, பட்டியலில் எண்ணைப் போடுவது ஒன்று, அந்த வீலானை உருவாக்குவது வேறு. இரண்டு பிளேட் சுவிட்சிலும், கோரிலும் ‘வீலான் 30’ என்று தனியாக உருவாக்க வேண்டும்.

அரை உயர பிளேட்டில், போர்டிலேயே உள்ள முதல் கார்ட் 1ஆம் பேயின் சுவிட்சுக்கும் இரண்டாவது கார்ட் 2ஆம் பேயின் சுவிட்சுக்கும் போகும். போர்ட் எண் பிளேட் இருக்கும் இடத்தின் எண்ணேதான்: 5ஆம் இடத்துப் பிளேட் என்றால் இரண்டு சுவிட்சிலும் 0/5. முழு உயர பிளேட் வாங்கினால் 3ஆம் இடத்தில் இருப்பது 3ஐயும் 11ஐயும் எடுத்துக்கொள்ளும், பிறகு குழம்பாதீர்கள். கூடுதல் கார்ட் போட்டால் அது 3ஆம் பேயிலிருந்து தொடங்கும் வேறு பேகளுக்குப் போகும். இயங்குதளம் எதை முதல் கார்ட் என்று எண்ணுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிளேட்டில் தெரியும் மேக் முகவரியை (கார்ட்டின் அடையாள எண்ணை) குறித்துக்கொண்டு, சுவிட்சில் ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் இன்டர்ஃபேஸ் கிகாபிட் 0/5’ என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

உள் போர்ட் ஒவ்வொன்றுக்கும் போட வேண்டியது இவ்வளவுதான்: ‘சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்’, ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் நேட்டிவ் வீலான் 999’, ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 10,20,30’, ‘சுவிட்ச்போர்ட் நோநெகோஷியேட்’, ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட் ட்ரங்க்’. எட்டு பிளேட்டுக்கும் ‘இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட் 0/1 - 8’ என்று ஒரே தடவையில் அடிக்கலாம். கோர் சுவிட்ச் ‘ட்ரங்க் மோடுக்கு மாற்ற முடியாது, என்கப்சுலேஷன் ஓட்டோவில் இருக்கிறது’ என்று மறுத்தால், அதற்கு முன் ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் என்கப்சுலேஷன் டொட்1க்யூ’ கொடுங்கள். சில மொடல்களில் அந்தக் கொமாண்டே இருக்காது, அங்கே அது தேவையும் இல்லை. வீலான் எண் 1 முதல் 4094 வரை. 1002 முதல் 1005 வரை சிஸ்கோ பழைய நெட்வேர்க் வகைகளுக்கு ஒதுக்கி வைத்தது, அந்த நாலையும் விட்டுவிடுங்கள்.

999 எதற்கு என்று கேட்பீர்கள். டேக் என்பது ஃபிரேமில் ஒட்டிய வீலான் எண், நேட்டிவ் வீலான் என்பது அந்த டேக் இல்லாமல் போகும் வீலான். நீங்கள் எழுதியபடி உள் போர்ட்களில் நேட்டிவை 20 என்று வைத்திருக்கிறீர்கள், ஈஎஸ்எக்ஸ்ஐ போர்ட் குரூப்பிலும் 20 என்று போட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் நடப்பது வேடிக்கையானது. விஎம் அனுப்புவது 20 என்ற டேக்கோடு வரும், சுவிட்ச் அதை ஏற்றுக்கொள்ளும். மேக் டேபிளில் அந்த விஎம் 20இன் கீழ் ஒழுங்காகத் தெரியும். பதில் திரும்பும்போது 20 நேட்டிவ் என்பதால் சுவிட்ச் டேக்கைக் கழற்றி அனுப்பும். டேக் இல்லாத ஃபிரேமை ஈஎஸ்எக்ஸ்ஐ 20இன் போர்ட் குரூப்புக்குக் கொடுக்காது. சுவிட்சைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரி, விஎம்முக்கு மட்டும் உலகமே ஊமை. ‘20ஐத் திரும்பப் போட்டும் புதிதாக உருவாக்கிய விஎம்கள் பேசவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அது இதுதான். முன்பு ஓடிய பழைய விஎம்கள் வீலான் எண் 0 என்று போட்ட போர்ட் குரூப்பில் இருந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 0 என்றால் ஈஎஸ்எக்ஸ்ஐ டேக் போடாது, 1 முதல் 4094 என்றால் போடும், 4095 என்றால் டேக்கை அப்படியே விஎம்முக்குள் விடும். ஆகவே யாரும் பாவிக்காத 999ஐ உருவாக்கி அதை நேட்டிவாக வைத்துவிட்டு, 10, 20, 30 மூன்றையும் டேக்கோடு ஓட விடுங்கள். மாற்றும்போது ஈஎஸ்எக்ஸ்ஐயின் மேனேஜ்மென்ட் நெட்வேர்க்குக்கும் வீலான் 10 என்று போட மறந்தால் ஹோஸ்ட் கைவிட்டுப் போகும். அதை ஐலோ கன்சோலிலிருந்து, ஒரு நேரத்தில் ஒரு பிளேட்டாகச் செய்யுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு: பிளேட்டை நெட்வேர்க் வழியாக பூட் பண்ணி இன்ஸ்டோல் செய்வதானால் அந்த பூட் முறையான பிஎக்ஸ்ஈ டேக் இல்லாமல்தான் டிஎச்சிபியிடம் ஐபி முகவரி கேட்கும். அந்தப் பிளேட்டின் போர்ட்டில் மட்டும், இன்ஸ்டோல் முடியும்வரை, டிஎச்சிபி இருக்கும் வீலானை நேட்டிவாக வையுங்கள். போர்ட்டை உடனே திறந்துவிடும் போர்ட்ஃபாஸ்டும் இங்கேதான் முக்கியம். அது இல்லாவிட்டால், நெட்வேர்க்கில் வளையம் உருவாகாமல் காக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ கேட்பதற்கு 15 வினாடி, கற்பதற்கு 15 வினாடி என்று 30 வினாடி போர்ட்டை மூடி வைத்திருக்கும். அதற்குள் பிஎக்ஸ்ஈ அலுத்துப்போய்க் கைவிட்டுவிடலாம்.

அப்லிங்குக்கு வருவோம். நாலு கேபிளையும் ஒரே போர்ட் சேனலில் (பல கேபிளை ஒன்றாக்கும் கட்டில்) கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. உங்கள் 3020 இரண்டும் தனித்தனி சுவிட்ச்கள், ஒன்றின் மூளை மற்றதற்குத் தெரியாது. 1ஆம் பேயின் இரண்டு கேபிளும் கோரில் ஒரு போர்ட் சேனல், 2ஆம் பேயின் இரண்டும் இன்னொரு போர்ட் சேனல், இரு முனையிலும் அந்தக் கட்டைச் சரிபார்க்கும் எல்ஏசிபி ‘அக்டிவ்’. நாலையும் ஒன்றாகக் கட்டி மோட் ‘ஒன்’ என்று வைத்தால் எல்ஏசிபி எதையும் சரிபார்க்காது. கோர் எல்லாவற்றையும் ஒரே குழாய் என்று நினைத்துப் பாதிப் பாக்கெட்டைப் பிழையான பக்கம் அனுப்பும். வீலான் பட்டியலைப் போர்ட் சேனல் இன்டர்ஃபேஸில் மட்டும் மாற்றுங்கள். உறுப்பு போர்ட் ஒன்றில் தனியாக மாற்றினால் பட்டியல் ஒத்துவராமல் அந்தப் போர்ட் குழுவிலிருந்து வெளியே தள்ளப்படும். பிளேட் பக்கம் எல்ஏசிபி வேண்டாம். கார்ட் இரண்டும் வெவ்வேறு சுவிட்சுக்குப் போவதால் ஈஎஸ்எக்ஸ்ஐயின் டீமிங்கை (கார்ட்களைப் பங்கிடும் முறையை) ‘ஒரிஜினேட்டிங் வேர்ச்சுவல் போர்ட்’ என்ற வழமையான தெரிவிலேயே விடுங்கள். ‘ஐபி ஹாஷ்’ வைத்தால் ஒரே மேக் இரண்டு சுவிட்சிலும் மாறி மாறித் தோன்றும், கோரின் லொக் ‘மேக் ஃப்ளாப்பிங்’ என்று நிரம்பும். 3020இன் வெளிப் போர்ட்களில் இரண்டைப் பக்கத்து பேயுடன் சேஸிக்குள்ளேயே இணைக்கும் வசதியும் உண்டு. பழைய உரிமையாளர் அதை இயக்கி வைத்திருந்தால் கோரோடு சேர்ந்து ஒரு முக்கோண வளையம் உருவாகும். ஸ்பானிங் ட்ரீ ஒரு பக்கத்தை அடைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்திருப்பது நல்லது.

கேபிளைக் கழற்றியும் விஎம்கள் மாறாதது பிளேட்டுக்கே உரிய தொல்லை. நீங்கள் கழற்றியது சுவிட்சுக்கும் கோருக்கும் இடையிலான கேபிள். பிளேட்டின் கார்ட்டுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான உள் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கிறது, கார்ட்டில் லிங்க் எரிகிறது. ஈஎஸ்எக்ஸ்ஐ பார்ப்பது அந்த லிங்கைத்தான். வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது, தெருவில் பாலம் உடைந்தது அதற்குத் தெரியாது. இதற்கு மருந்து லிங்க் ஸ்டேட் ட்ராக்கிங். பொதுக் கொன்ஃபிக்கில் ‘லிங்க் ஸ்டேட் ட்ராக் 1’, அப்லிங்க் போர்ட் சேனலில் ‘லிங்க் ஸ்டேட் குரூப் 1 அப்ஸ்ட்ரீம்’, உள் போர்ட் 1 முதல் 8 வரை ‘லிங்க் ஸ்டேட் குரூப் 1 டவுன்ஸ்ட்ரீம்’. இரண்டு சுவிட்சிலும் தனித்தனியாகப் போடுங்கள். போர்ட் சேனலின் கேபிள் இரண்டும் போனதும் சுவிட்ச் உள் போர்ட்களைத் தானே கீழே இறக்கும், ஈஎஸ்எக்ஸ்ஐ உடனே மற்றக் கார்ட்டுக்கு மாறும். ஒரு கேபிள் மட்டும் போனால் ஒன்றும் நடக்காது, அதுதான் சரி.

ஆனால் உங்களிடம் கோர் சுவிட்ச் ஒன்றுதான். அது ரீஸ்டார்ட் ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும், அதுவரை சேஸிக்குள் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த பிளேட்களும் துண்டிக்கப்படும். க்ளஸ்டரில் ஹெச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) இயக்கியிருந்தால், ஹோஸ்ட் தனிமைப்பட்டபோது விஎம்களை அணைக்கச் சொல்லும் தெரிவு வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வைத்திருந்தால் கோர் ஒரு தடவை கண் மூடித் திறப்பதற்குள் எட்டு பிளேட்டிலும் விஎம்கள் விழும். என் யோசனை, ஒரே கோர் இருக்கும்வரை அதை ‘விஎம்களை ஓட விடு’ என்று வைப்பது.

கரண்ட் போனபின் காணாமல் போனது பற்றி. கார்த்திகை, மார்கழி மழையில் திருகோணமலையில் இது நடக்கும் என்று கணக்கில் வைத்தே சுவிட்சை அமைக்க வேண்டும். நீங்கள் கண்டது, வீலான்கள் இருக்கின்றன, ட்ரங்க் எல்லாம் பழையபடி. சிஸ்கோவில் சாதாரண வீலான்கள் உருவாக்கியவுடனேயே ஃப்ளாஷில் ‘வீலான்.டாட்’ என்ற கோப்பில் எழுதப்படும். போர்ட் கொன்ஃபிக் அப்படியல்ல, ‘ரைட் மெமரி’ கொடுக்கும்வரை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். அதே கோப்பு வேறொரு ஆபத்தும் தரும். பாவித்த சுவிட்சை ‘ரைட் இரேஸ்’ பண்ணினாலும் வீலான்.டாட் அழியாது. பழைய இடத்தின் விடிபி (வீலான் பட்டியலை சுவிட்ச்களுக்கிடையே பரப்பும் முறை) டொமைன் பெயரும் ரிவிஷன் எண்ணும் அதில் இருக்கும். டொமைன் பெயர் ஒத்து, கடவுச்சொல்லும் ஒத்து, ரிவிஷன் எண் உங்கள் கோரை விடக் கூடவாக இருந்தால், அது உங்கள் வீலான்களையே அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். கோரில் இணைக்கும் முன் ‘டிலீட் ஃப்ளாஷ்:வீலான்.டாட்’ கொடுத்து ரீலோட் பண்ணி, ‘விடிபி மோட் ட்ரான்ஸ்பேரன்ட்’ வையுங்கள். மூன்று சுவிட்ச் உள்ள இடத்தில் விடிபியால் கிடைக்கும் இலாபம் எதுவுமில்லை. கரண்ட் வரும்போது பிளேட்கள் சுவிட்சை முந்திக்கொண்டு எழும்புவதும் நடக்கும். ஒன்போர்ட் அட்மினிஸ்ட்ரேட்டரில் பிளேட்களுக்குத் தாமதம் வைக்கும் பவர் வரிசைத் தெரிவு இருக்கிறது, கோர் எழும்பி முடிக்க எடுக்கும் நேரத்தை ஒருமுறை அளந்து, அதற்கு மேல் வையுங்கள்.

இனி உப்புவெளிக் கமரா. வீலான் பிழை பொதுவாக உண்டு அல்லது இல்லை என்ற மாதிரி இருக்கும், அரைகுறையாக வராது. அரைகுறை என்றால் வேறெங்கோ பார்க்க வேண்டும். இங்கே நான் முதலில் சந்தேகிப்பது அளவு. 802.1க்யூ டேக் ஃபிரேமில் 4 பைட்டைக் கூட்டும், முழு ஃபிரேம் 1518இலிருந்து 1522 ஆகும். இடையிலுள்ள வயர்லெஸ் பிரிட்ஜ் 1518க்கு மேல் விடாத பழைய ஜாதியாக இருந்தால் பிங் போன்ற சிறிய பாக்கெட் போகும், கமரா படத்தின் நிறைந்த பாக்கெட் விழும். நீங்கள் சொன்ன அறிகுறி இதோடு ஒத்துப்போகிறது, ஆனால் இதுதான் என்று அளக்காமல் சத்தியம் பண்ண முடியாது. பதிவு சேர்வர் விண்டோஸ் என்றால் கமராவுக்கு ‘பிங் -எஃப் -எல் 1472’ அடியுங்கள். 1472ஓடு தலைப்பு 28 சேர்ந்தால் 1500. அது விழுந்து 1468 போனால் காரணம் பிடிபட்டது. பிரிட்ஜில் எம்டியூவை (விடும் பாக்கெட்டின் உச்ச அளவை) கூட்டுங்கள், முடியாவிட்டால் பிரிட்ஜ் செருகும் கோர் போர்ட்டை வீலான் 30இன் அக்சஸ் போர்ட்டாக மாற்றி, டேக்கே இல்லாமல் அனுப்புங்கள். அங்கே ஒரு வீலான்தான் போகிறது என்றால் டேக் தேவையுமில்லை. 1472 ஒழுங்காகப் போனால் என் ஊகம் பிழை. அப்போது ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ கொடுத்து அந்தப் போர்ட்டில் சிஆர்சி (பழுதான ஃபிரேம்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் வெளியில் பொருத்திய அன்டெனாவின் இணைப்புகளில் உப்பு பிடித்துப் பச்சையாகியிருப்பது அபூர்வமல்ல.

எல்லாம் போட்டு முடிந்ததும் ‘ஷோ இன்டர்ஃபேஸ் ட்ரங்க்’ ஒன்று போதும், ஆனால் அதை ஒழுங்காக வாசிக்க வேண்டும். நாலு பகுதியாக வரும். முதலில் மோடும் நேட்டிவும். இரண்டாவது, நீங்கள் அனுமதித்த பட்டியல். மூன்றாவது, அனுமதித்தவற்றில் உண்மையில் உருவாக்கப்பட்டு இயங்குபவை. நாலாவது, ஸ்பானிங் ட்ரீ திறந்து விட்டவை. 30 இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லை என்றால் அந்த சுவிட்சில் ‘வீலான் 30’ உருவாக்கவில்லை. மூன்றாவதில் இருந்து நாலாவதில் இல்லை என்றால் ஸ்பானிங் ட்ரீ அடைத்திருக்கிறது, அல்லது விடிபி ப்ரூனிங் (தேவையில்லாத வீலானை ட்ரங்கில் நிறுத்துவது). இரண்டாவதிலேயே இல்லை என்றால் மறுபடியும் அந்த ‘ஆட்’.

இவ்வளவுக்குப் பிறகும் 30 வரவில்லை என்றால், இரண்டு பிளேட் சுவிட்சிலும் கோரிலும் எடுத்த ‘ஷோ இன்டர்ஃபேஸ் ட்ரங்க்’, ‘ஷோ ஈதர்சேனல் சமரி’, ‘ஷோ விடிபி ஸ்டேட்டஸ்’ மூன்றையும் இங்கே ஒட்டுங்கள். முழுக் கொன்ஃபிக்கை ஒட்டுவதானால் பாஸ்வேர்ட் வரிகளையும் எஸ்என்எம்பி வரிகளையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.